கேமராவுக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள கோமதி,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் கடிதத்தில் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் விட்டுவிடாதே.

மீனாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஆமாம், சீரியலில் நடிப்பதை விட்டுவிட்டு உதவி இயக்குநராகிவிட்டாள். "நன்றாக நடித்துக்கொண்டிருந்த பெண், ஏன் இப்படி?" என்று நானும் கேட்டேன். தன் நோட்டை நீட்டினாள். நாயகியின் இடது கையில் ஆறு வளையல், பின்னல் முன்பக்கம், காபி டம்ளர் பாதி. அதே காட்சியின் மீதியை எட்டு நாள் கழித்து எடுப்பார்களாம். டம்ளரில் அன்றைக்கும் அதே பாதி இருக்க வேண்டும். "நடிக்கும்போது என் முகம் மட்டும்தாம்மா தெரிஞ்சுது. இப்போ வீடு முழுக்கத் தெரியுது" என்றாள். பழைய கம்பெனி மூன்று மாதச் சம்பளத்தை இன்னும் தரவில்லை, அந்த வருத்தம் தனி.

எனக்கு நடிகை ரேவதி ஞாபகம் வந்தது. 1983-ல் டைப்ரைட்டிங் வகுப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டு நாம் 'மண் வாசனை' பார்த்தோமே! அதில் முத்துப்பேச்சியாக வந்த ரேவதிதான் 2002-ல் 'மித்ர், மை ஃப்ரெண்ட்' படத்தை இயக்கினார். கேமரா ஃபௌசியா பாத்திமா, எடிட்டிங் பீனா பால், இசை நம் பவதாரிணி. கல்யாணமாகி அமெரிக்கா போகும் சிதம்பரத்துப் பெண் லட்சுமி வேடத்தை ரேவதியே செய்திருக்கலாம். ஆனால் ஷோபனாவிடம் கொடுத்தார்; ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. நடிப்பு தெரிந்தவர் இன்னொருத்திக்காக ஒதுங்கி நிற்பது பெரிய மனசு என்றுதான் எனக்குப் படுகிறது.

அப்புறம் 2004-ல் 'ஃபிர் மிலேங்கே'. எச்ஐவி இருப்பதால் வேலை பறிபோன பெண் கோர்ட்டுக்குப் போகும் கதை. அதற்கடுத்த முழுநீளப் படம் 'சலாம் வெங்கி' வந்தது 2022-ல். நடுவே ஒன்றிரண்டு குறும்படம். மற்றபடி பதினெட்டு வருஷம், கோமதி! அந்தக் காலமெல்லாம் நடிக்கக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். டி.பி. ராஜலட்சுமி 1931-ல் முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' நாயகி, 1936-லேயே 'மிஸ் கமலா'வை இயக்கிவிட்டார். அதற்குப் பிறகும் இவ்வளவு காத்திருக்க வேண்டியிருக்கிறதே என்று மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

2025-ல் ரேவதி இயக்கிய 'குட் வைஃப்' தொடரை நானும் மீனாவும் ஒரே ராத்திரியில் பார்த்து முடித்தோம். பல வருஷம் வீட்டோடு இருந்துவிட்டு, பிரியாமணி மறுபடி வக்கீல் வேலைக்குப் போகிறார். உன் ட்ரங்குப் பெட்டியில் அந்துருண்டை வாசனையோடு கிடக்கும் கறுப்பு கோட்டை நினைத்துக்கொண்டேன்.

சரி, ஒரு உதவி. மீனா சொந்தமாக ஒரு குறும்படம் எடுக்கப்போகிறாள். தை மாதம் நாலு நாள் உங்கள் முற்றத்து வீடு கிடைக்குமா? காலை வெயில் எத்தனை மணிக்குத் துளசி மாடத்தில் விழும் என்று கேட்கச் சொன்னாள். பார்த்து எழுது.

அன்புடன்,
சரஸ்வதி