காசும் என்னுடையது, கதையும் என்னுடையது, உரிமை மட்டும் உங்களுடையதா?

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதுகிறேன். என் முதல் சிறுகதைத் தொகுப்பை அச்சிட்டது உங்கள் நிறுவனம்தான். 300 பிரதி, 160 பக்கம், 240,000 ரூபா. முழுக்காசும் கட்டியாயிற்று. பார்சலைப் பிரித்துப் பார்த்ததிலிருந்து உங்கள் காரியாலயத்துக்குக் கோல் எடுத்துக்கொண்டே இருக்கிறேன், "சேர் வெளியில போயிட்டார்" என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

முதலில் அச்சுப் பிழை. யுனிகோடில் நான் தந்த கதைகளை உங்கள் ஆட்கள் பாமினி என்கிற பழைய எழுத்துருவுக்கு மாற்றிப் பக்கம் போட்டார்கள், மாற்றியதில் கொம்பும் அரவும் இடம் மாறிக் கிடந்தன, ஸ, ஷ வரும் இடங்களில் வேறு ஏதேதோ எழுத்து. சரி, நடக்கக்கூடியதுதான், அதற்குத்தானே புரூப் பார்ப்பது. ஒவ்வொரு பக்கமாகச் சிவப்புப் பேனையால் திருத்தி ஸ்கேன் பண்ணி அனுப்பினேன், "எல்லாம் திருத்தியாச்சு" என்று வட்ஸ்அப்பில் பதில் வந்தது, அந்த மெசேஜ் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆனால் அச்சுக்குப் போனது திருத்தாத பழைய பைல்! அது போதாதென்று, பல பிரதிகளில் 33 முதல் 48 வரையான பக்கங்கள் இரண்டு தடவை வருகின்றன, 49 முதல் 64 வரை இல்லவே இல்லை. 16 பக்கமாக மடித்த தாள்களை, அதாவது போர்ம்களை, அடுக்கும்போது மாறிப்போயிருக்கிறது, கட்டுவதற்கு முன் ஒருவர் புரட்டிப் பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும். காணாமல்போனது சம்பல்தீவு மீன்வாடிக் கதையின் நடுப்பகுதி. தொகுப்பிலேயே நான் அதிகம் பாடுபட்ட கதை அது. இந்தப் புத்தகத்தை வைத்து எப்படி வெளியீட்டு விழா நடத்துவது, முதற்பிரதியை யாரிடம் கொடுப்பது?

இதையாவது திரும்ப அச்சடித்துச் சரிசெய்யலாம். பதிப்புரிமைப் பக்கத்தில் "அனைத்து உரிமையும் பதிப்பகத்தாருக்கே" என்று போட்டிருக்கிறீர்களே, அதை யாரைக் கேட்டுப் போட்டீர்கள்? காசு முழுவதும் கட்டிய பிறகு ஒரு ஒப்பந்தம் அனுப்பினீர்கள், அதில் மறுபதிப்பு, மொழிபெயர்ப்பு, மின்னூல் எல்லாம் பத்து வருடத்துக்கு உங்களுக்கு என்று இருந்தது. அதில் கையொப்பம் போடமாட்டேன் என்று அன்றைக்கே எழுதினேன். இன்றுவரை போடவுமில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுத்தின் உரிமை எழுதியவருக்கு, அவர் வாழும் காலமும் அதற்குப் பிறகு 70 ஆண்டும். அச்சடித்துக் கொடுத்தவருக்கு அது போய்ச்சேராது.

உங்களிடம் வருகிற புது எழுத்தாளர்களுக்கு நீங்கள் முதலிலேயே சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. பதிப்பாளர் தன் காசைப் போட்டு, விற்கிற பொறுப்பையும் எடுத்து, எழுதியவருக்கு ராயல்டி கொடுக்கிறார் என்றால் அவர் குறிப்பிட்ட காலத்துக்கு உரிமை கேட்பதில் நியாயம் இருக்கிறது. எழுதியவரே காசு போட்டால் அது அச்சுச் சேவை, அப்போது பிரதியும் உரிமையும் பைலும் அவருடையவை. இரண்டில் எது என்று சொல்லாமல், செலவை எங்கள் தலையிலும் உரிமையை உங்கள் பையிலும் போடுவது எந்த வியாபாரம்? உங்கள் விளம்பரத்தில் "புதியவர்களைப் பதிப்பிக்கிறோம்" என்றுதான் இருக்கிறது, காசு யார் போடுவது என்று ஒரு வரி இல்லை.

ஐ.எஸ்.பி.என். என்கிற நூல் அடையாள இலக்கமும் அப்படித்தான். கொழும்பு 7இல் இருக்கும் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம், தானே வெளியிடுகிற எழுத்தாளரும் அதை எடுக்கலாம். நீங்களோ அதற்குத் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு வெளியீட்டாளர் என்று உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறீர்கள். கிண்டிலில் தமிழ் மின்னூல் போடலாம், அப்படிப் போடவும் நினைத்திருந்தேன், ஆனால் இந்தப் பதிப்புரிமைப் பக்கத்தை வைத்துக்கொண்டு போட்டால் நாளைக்கு என் புத்தகத்துக்கே நீங்கள் உரிமை கேட்டு வருவீர்கள்.

எங்கள் ஊரவர் ஒருவர் எழுதிய சரித்திர நாவல் 1895இலேயே சென்னையில் அச்சாகி வந்தது. அத்தனை பழைய எழுத்து மரபு உள்ள ஊரில் இன்றைக்கும் எத்தனையோ பேர் கையெழுத்துப் பிரதியோடு இருக்கிறார்கள், மூதூரிலும் கிண்ணியாவிலும் எனக்கே பலரைத் தெரியும், என்னுடையது வந்த பிறகு உங்களிடம் தரலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள். நடந்ததை அவர்களிடம் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

எனக்கு வேண்டியது இதுதான். திருத்திய பைலிலிருந்து 300 பிரதியும் உங்கள் செலவில் மறுபடி அச்சாகவேண்டும், உரிமை ஆசிரியருக்கு என்று போடவேண்டும், பக்கம் போட்ட மூல பைலும் அட்டை பைலும் எனக்கு வரவேண்டும், ஐ.எஸ்.பி.என்.னுக்கு வாங்கிய காசைத் திருப்பித் தரவேண்டும். பிழையான பிரதிகளை எடுத்துப்போக நீங்களே வண்டி அனுப்புங்கள், அதுவரை ஒன்றையும் விற்கமாட்டேன்.

இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். கோலில் சொல்வதை ஏற்கமாட்டேன். வராவிட்டால் பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் மெசேஜ், திருத்திய புரூப் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போவேன்.

இப்படிக்கு,
நூலாசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.