அடிக்கும் பொத்தானே இல்லாத சண்டை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் ஜப்பானிய ஆர்பிஜி வீடியோ கேம்களைப் பற்றி, அதாவது ஒரு பாத்திரமாக ஆடி அதன் பலத்தை வளர்த்துக்கொண்டே போகும் கேம்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நாம் ஒரு முறை, எதிரி ஒரு முறை என்று முறை வைத்துச் சண்டை போடும் கேம்களுக்கு மூளை வேண்டும், நிற்காமல் நிகழ்நேரத்தில் சண்டை போடும் கேம்களுக்கு விரல் வேகம் இருந்தால் போதும் என்று அதில் ஒரு வரி. நான் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 'வேகம்' என்று யாராவது பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எனக்குக் கை சும்மா இருக்காது. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் மகள் இந்த வகை கேம்களை விரும்பி ஆடுபவள். "அப்பா, இதுக்கு ஒரே ஒரு கை போதும்" என்று சொல்லி எனக்கு அவள் கணினியில் போட்டுக் கொடுத்தது 'ஈஸ்'. நிஹான் ஃபால்காம் நிறுவனம் 1987-ல் பிசி-8801 கணினிக்காக வெளியிட்ட கேம் அது. நான் ஆடியது பிற்காலத்தில் படங்களையும் இசையையும் புதுப்பித்து வந்த பதிப்பு. சண்டை முறை மட்டும் பழையதுதான். அந்தச் சண்டைக்கு அடிக்கும் பொத்தானே கிடையாது! அடோல் என்ற செம்பட்டை முடிக்காரன் வாளோடு ஓடுவான். எதிரி மேல் போய் மோத வேண்டும், அவ்வளவுதான்.

கேட்டால் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. ஊர் எல்லையைத் தாண்டி முதல் பூதத்தின் மேல் நேராகப் போய் மோதினேன், அடோல் அடி வாங்கினான். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "நடுவில் மோதாதே, கொஞ்சம் விலகிப் போ" என்றாள். விஷயம் இதுதான்: நேருக்கு நேர் மோதினால் அடோலுக்கும் அடி விழும். ஒரு பாதி விலகி, அவன் உடலின் ஓரம் மட்டும் எதிரியின் மேல் படும்படி போய் இடித்தால் அடி எதிரிக்கு மட்டும். பட்ட அடியில் எதிரி பின்னால் தள்ளப்படுவான். அதே கோட்டில் விடாமல் தொடர்ந்தால் சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டே போய் முடித்துவிடலாம். அவன் இடையில் பக்கவாட்டில் நகர்ந்தால் கோடு கெடும், நீங்களும் நகர வேண்டும். இதில் விரலுக்கு என்ன வேலை? திசைப் பொத்தானை அழுத்திப் பிடிப்பதோடு சரி. வேலை முழுவதும் கண்ணுக்குத்தான்.

இறகுப்பந்து பழக வரும் பிள்ளைகள் எல்லாருமே முதலில் மட்டையை வேகமாக வீசத்தான் பார்ப்பார்கள். நான் மட்டையை வாங்கி வைத்துக்கொண்டு கால் போகும் இடத்தைத்தான் பழக்குவேன். ஈஸ் ஆடும்போது, மட்டையைப் பிடுங்கிக்கொண்ட வாத்தியாரிடம் நானே மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

கைவிடப்பட்ட சுரங்கத்தில் வகுல்லியன் என்று ஒரு பாஸ், அதாவது சாதாரண பூதங்களைவிடப் பெரிய எதிரி, வருவான். அறை முழுக்க வௌவால்களாகச் சிதறிப் பறப்பான். அப்போது அவனை ஒன்றும் செய்ய முடியாது, வௌவால் பட்டால் நமக்குத்தான் நஷ்டம். சிதறிய கூட்டம் ஓரிடத்தில் கூடி ஓர் உருவமாகும் சில நொடிகளில் மட்டும்தான் அவன் மேல் அடி விழும். வேகக் கை உள்ளவன் வௌவால்களைத் துரத்திக்கொண்டு ஓடுவான், செத்துப்போவான். ஒதுங்கி நின்று, கூட்டம் எங்கே சேருகிறது என்று பார்த்து, சேர்ந்ததும் ஓடிப்போய் இரண்டு இடி கொடுத்துவிட்டு, கலைவதற்குள் வெளியே வருபவன்தான் ஜெயிப்பான். முறை வைத்து ஆடும் கேமில் உங்கள் முறை வரும்வரை கேமே உங்களுக்காகக் காத்திருக்கும். இங்கே அந்தக் காத்திருப்பையும் நீங்களேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். எங்கே நிற்பது, எப்போது உள்ளே போவது என்ற யோசனைக்கு மூளை வேண்டாமா?

கட்டுரையாளர் வரலாற்றையும் கொஞ்சம் தொட்டிருக்கலாம். மோதிச் சண்டை போடுவது ஈஸில் பிறந்ததல்ல. 1984-ல் வந்த ஹைட்லைடு, டிராகன் ஸ்லேயர் இரண்டிலுமே அது உண்டு. அடுத்த ஆண்டு ஃபால்காம் வெளியிட்ட ஸனாடு ஆளையே உலுக்கும் கேம். கையில் உணவு தீர்ந்தால் உயிர் தேயும். நல்ல குணமுள்ள பூதங்களைக் கொன்றால் கர்மா என்ற கணக்கு ஏறும். அது ஏறிவிட்டால் கோயிலில் லெவலை, அதாவது நம் ஆளின் பலப் படியை, உயர்த்தித் தர மாட்டார்கள். எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு பெருமை என்று ஆடிய காலம் அது. அந்த ஃபால்காமேதான் ஈஸை விற்கும்போது, ஆர்பிஜி இனிப் பரிவின் காலத்துக்குள் நுழைகிறது என்று விளம்பரம் செய்தது. வெறும் விளம்பரப் பேச்சு என்று தள்ள முடியாது. திறந்த வெளியில் அடோல் அசையாமல் நின்றால் போதும், போன உயிர் தானாக ஏறும். நிற்பதற்குப் பரிசு தரும் கேமை வேகத்தின் பெயரால் ஒதுக்குவது என்ன நியாயம்?

இசையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. யூஸோ கோஷிரோவும் மியெகோ இஷிகாவாவும் போட்ட மெட்டுகள் அவை. கோஷிரோவுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. புல்வெளிக்கு வந்ததும் தொடங்கும் மெட்டுக்கு, மோதும் சத்தம் தாளம் போடுவதுபோல விழும். மாணவர் அணிவகுப்புக்கு டிரம் அடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் எனக்கு இது கூடுதலாகப் பிடித்திருக்கலாம்.

சரி, கட்டுரையாளர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஈஸில் லெவல் பத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் எத்தனை பூதத்தைக் கொன்றாலும் பலம் கூடாது. அந்த நிலையில் டார்ம் கோபுரத்தின் உச்சியில் கடைசி எதிரியான டார்க் ஃபாக்ட்டைச் சந்திக்க வேண்டும். அவன் அறை முழுக்கப் பறந்துகொண்டு நெருப்பு உருண்டைகளை வீசுவான். அவன் மேல் அடி விழ விழத் தரையில் துண்டு துண்டாகக் காணாமல் போகும். கண்டபடி அடித்தால் கடைசியில் நிற்கவே இடம் இருக்காது. ஆனாலும் அங்கே கை வேகமும் வேண்டியிருக்கிறது. அந்த ஒரு சண்டையைக் கேமை உருவாக்கியவர்கள் கொஞ்சம் அளவு மீறித்தான் செய்துவிட்டார்கள் என்பது என் கருத்து. மகள் மறுக்கிறாள்.

அவள் ஆடுவது இதே வரிசையில் 2016-ல் வந்த எட்டாவது கேம். அதில் பொத்தான்களுக்குக் குறைவில்லை. மூன்று பேர் சேர்ந்து போவார்கள். அடோல் வெட்டுவான், லக்சியா குத்துவாள், சஹாத் நங்கூரத்தால் நொறுக்குவான். பறக்கும் மிருகத்துக்குக் குத்து, ஓடு போர்த்தியதற்கு நொறுக்கு என்று எதிரியைப் பார்த்து ஆளை மாற்ற வேண்டும். அடி வந்து விழும் அந்தக் கணத்தில் விலகினால் எதிரிகள் மெதுவாகிவிடுவார்கள், முன்னாலேயே விலகினால் அந்தப் பலன் கிடையாது. தடுப்புப் பொத்தானை விடாமல் தட்டியே பிழைத்துக்கொள்பவர்களும் உண்டு என்பதை மறைக்கவில்லை. என் மகளே அந்தக் கட்சிதான்.

அடுத்த முறை இப்படி ஒரு கேமைப் பற்றி எழுதும்போது, படம் எவ்வளவு அழகு, கதை எத்தனை மணி நேரம் ஓடும் என்பதோடு, அதில் ஓர் அடி எப்படி விழுகிறது என்பதையும் ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். ஆடாமல் அந்தப் பத்தியை எழுத முடியாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்