அச்சாகாததால பிழைச்ச படங்கள்

டேய் நண்பா,

உன் லெட்டர் கிடைச்சுது. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, சொட்டு மருந்து மட்டும் போட்டுக்கிட்டு இருக்காங்க, உன்னை ரொம்ப விசாரிச்சாங்க.

நீ லினோகட், அதான் லினோலியம் தகட்டுல செதுக்கி அச்செடுக்குற வேலை, ஆரம்பிச்சிருக்கேன்னு படிச்சதும் சந்தோஷமா இருந்துச்சுடா, ஏன்னா நானும் கொஞ்ச நாளா ஜப்பான் மர அச்சு ஓவியர் ஹொகுசாயோட ஒரு பட சீரிஸையேதான் திரும்பத் திரும்ப பாத்துக்கிட்டு இருக்கேன். எல்லாருக்கும் தெரிஞ்ச அந்தப் பெரிய அலை இல்ல, அதுக்கப்புறம் 1835 வாக்குல, 75 வயசுல அவர் ஆரம்பிச்சது. 13ஆம் நூற்றாண்டுல தெய்க்கான்னு ஒரு கவிஞர் நூறு கவிஞர்களோட பாட்டை ஆளுக்கு ஒண்ணுன்னு தொகுத்திருக்காரு, புது வருஷத்துக்கு அதை வெச்சு சீட்டு விளையாடுற அளவுக்கு ஜப்பான்ல பிரபலம். அந்தப் பாட்டையெல்லாம் ஒரு செவிலித்தாய் படம் காட்டி விளக்குறான்னு பேர் வெச்சு ஹொகுசாய் வரைஞ்சிருக்காரு.

ஆனா அந்த விளக்கம் இருக்கே, அங்கதான் நான் மயங்கிட்டேன். ஹிதோமாரோன்னு ஒரு பழைய கவிஞர், காட்டுக்கோழி வால் மாதிரி நீண்டுகிட்டே போற ராத்திரியில நான் தனியாத்தான் தூங்கணுமான்னு பாடுறாரு. படத்துல கோழியும் இல்ல, படுக்கையும் இல்ல. மீனவங்க ஆத்துல வலையை இழுக்குறாங்க, பக்கத்துல எரியுற தீயிலருந்து புகை வளைஞ்சு வளைஞ்சு நீளமா போகுது. அந்தப் புகைதாண்டா வால்! தென்ஜி சக்ரவர்த்தி வயல் குடிசையில பனியில சட்டைக்கை நனைஞ்சுதுன்னு பாடினா, இவர் வயலுக்கு நடுவுல நடந்து போற விவசாயிங்களை வரையுறாரு. அரண்மனைக்காரங்க பாட்டை உழைக்கிற ஜனங்க கையில குடுத்துட்டாருன்னுதான் எனக்குத் தோணுது.

நூறும் வரல, 27 தான் கலர்ல அச்சாகி வந்துச்சு. அப்போ ஜப்பான்ல கடும் பஞ்சம் வேற. மிச்சத்துல 60க்கு மேல அச்சாகாத கோட்டுப்படமாவே இருக்கு, வாஷிங்டன் ஃப்ரீயர் மியூசியத்துல மட்டும் 41. அது தப்பிச்ச காரணம் உனக்குத்தான் சட்டுனு புரியும்: மெல்லிசு தாள்ல வரைஞ்சதை செர்ரி பலகையில குப்புற ஒட்டி தாளோட சேத்தே செதுக்கிடுவாங்க, பிரிண்ட் வந்தா ஒரிஜினல் காலி. அச்சாகாததாலதான் அவர் கைக்கோடே இன்னிக்கு நமக்கு மிஞ்சியிருக்கு.

நீயும் ஒரு பாட்டை எடுத்து செதுக்கிப் பாரேன், ஆனா பாட்டுல இருக்குற பொருளை அப்படியே வரையாத. முதல் பிரிண்ட் எனக்குத்தான், சொல்லிட்டேன். வீட்ல எல்லாரையும் கேட்டதா சொல்லு.