நடுவர் எதுவரை? செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும், ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்திருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உறுப்பினர் சேர்க்கை விவரம் அச்சிட்ட தாளில் இருக்கிறது. இந்த அறிக்கையை ஆண்டு முழுக்க நம்மிடையே அடிபட்ட ஒரே கேள்விக்கு ஒதுக்குகிறேன். நாம் இணையத்தில் ஆடும் சட்டமன்ற விளையாட்டில் எந்த நடவடிக்கை பலித்தது, எது பலிக்கவில்லை என்று தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவர் தேவையா?

தேவை. ஆனால் விதி வாய் திறக்க முடியாத இடத்தில் மட்டும் தேவை என்பது செயற்குழுவின் முடிவு.

இது பழைய வழக்கு. பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவில் 1824-இல் ரைஸ்விட்ஸ் என்ற படை அதிகாரி வகுத்த போர் விளையாட்டில் பகடையும் அட்டவணைகளும் இருந்தன. நடுவர் அவற்றைப் பார்த்துக் கணக்கிட்டுச் சொல்வார். கணக்கு நீண்டு ஆட்டம் நகரவில்லை என்ற குறை எழ, 1876-இல் அதே படையின் வெர்டி து வெர்னுவா அட்டவணைகளை ஒதுக்கி, அனுபவமுள்ள அதிகாரியின் தீர்ப்பே போதும் என்றார். 1959-இல் வெளிவந்த ‘டிப்ளமசி’ என்ற பலகை விளையாட்டு எதிர்த்திசையில் போனது: பகடையே இல்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் ஆணை எழுதுவார்கள், முடிவை விதியே சொல்லிவிடும். அங்கே அது நடக்கக் காரணம், ஒரு படைக்கு இடக்கூடிய ஆணைகள் நான்கே வகை: நில், நகர், துணை செய், இன்னொரு படையைக் கடல் தாண்டக் கொண்டுபோ. கற்பனை நாட்டை ஆளும் விளையாட்டாக 2002-இல் தொடங்கிய ‘நேஷன்ஸ்டேட்ஸ்’ இணையதளத்திலும் ஒவ்வொரு பிரச்சினைக்கும் தெரிவுகள் முன்பே எழுதி வைக்கப்பட்டிருப்பதால், விளைவைக் கணினியே போட்டுவிடுகிறது. நம் ஆட்டக்காரரோ மனதில் பட்டதையெல்லாம் ஆணையாக எழுதலாம். இந்த ஆட்டத்தின் உயிரே அதுதான். அதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மனிதத் தீர்ப்பை முழுதாக ஒழிக்க முடியாது.

எண்ணிக்கைக்கு நடுவர் வேண்டவே வேண்டாம். 234 பேரும் வாக்களித்தால் பெரும்பான்மை 118. அமைச்சரவை சட்டமன்ற உறுப்பினர்களின் மொத்த எண்ணிக்கையில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதால் முதலமைச்சரையும் சேர்த்து 35 பேர். 34 பேர் உள்ள கட்சியை இன்னொன்றோடு இணைக்க மூன்றில் இரு பங்கு வேண்டும். 22 பேரைச் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர் உண்டு, 23 பேர் தேவை. இவையெல்லாம் கூகுள் ஷீட்டில் ஏறிவிட்டன. கட்சித் தாவலில் பதவி நீக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை சபாநாயகருக்குக் கொடுக்கிறது. ஆகவே நம் ஆட்டத்திலும் அதைச் சபாநாயகராக ஆடுபவரே தீர்மானிக்கட்டும். அவர் தீர்ப்பை நீதிமன்றம் ஆராயலாம் என்று 1992-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் ஆட்டத்தில் நீதிமன்றத்தின் இடத்தில், ஆடாத மூன்று உறுப்பினர்கள் அமர்வார்கள்.

ஆணைகளை ஒளித்து வைப்பதற்கும் நடுவர் தேவையில்லை. வெளிப்படையாக ஆணை போட்ட காலத்தில் கடைசி நிமிடம் வரை காத்திருப்பவருக்கே லாபம்; மற்றவர்கள் ஆணையைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதை எழுதுவார். கூகுள் படிவத்துக்கு மாற்றினால் படிவத்தின் உரிமையாளர் எல்லாவற்றையும் பார்க்கிறார். இப்போதைய முறை இது: ஆணையைப் பாஸ்வேர்டு பூட்டிய பிடிஎஃப் கோப்பாக வியாழன் இரவு 9 மணிக்குள் குழுவில் போட வேண்டும், 9.30-க்குள் பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டும். சொல்லாதவரின் ஆணை செல்லாது. இந்த விதி இல்லையென்றால், எதிராளிகளின் ஆணையைப் பார்த்துத் தனக்கு நஷ்டம் என்று தெரிந்தவர் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்பார். கட்சிப் பெயரையே பாஸ்வேர்டாக வைத்தால் எதிராளி ஊகித்துத் திறந்துவிடுவார். 12 எழுத்துக்குக் குறையாமல் வையுங்கள்.

சிக்கல் திறந்த ஆணைகளில்தான். ஆளுங்கட்சியின் ஓர் ஆணையை எடுத்துக்கொள்வோம்: “மரவள்ளிக்கு ஆதார விலை அறிவிக்கிறோம், ஆத்தூர், கெங்கவல்லி, ஏற்காடு தொகுதிகளில் ஆதரவு கூட வேண்டும்.” பழைய முறையில் நடுவர் யோசித்து ஒன்று சொல்வார். தோற்றவர் அவருக்கு அன்றிரவே போன் போடுவார். நாளடைவில் ஆட்டம் எதிர்க்கட்சியோடு நடப்பது நின்று நடுவரோடு நடக்கத் தொடங்கிவிடும். பின்தங்கியவரைப் பார்த்து இரங்கி நடுவர் கைதூக்கிவிடுவதும் அதே அளவு கெடுதல்.

புதிய முறையில் ஆணையிட்டவர் மூன்று காரணங்கள் வரை சொல்லலாம், எதிர்ப்பவர்களும் மொத்தத்தில் மூன்று. ஆளுங்கட்சி சொன்னவை: அப்பகுதியில் மரவள்ளி விவசாயிகள் அதிகம், மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள் பக்கத்திலேயே உள்ளன, கருவூலத்தில் பணம் இருக்கிறது. எதிர்த்தரப்பு சொன்னவை: யார் கொள்முதல் செய்வார்கள் என்று ஆணையில் இல்லை, ஏற்காடு தொகுதியில் வாழப்பாடிப் பக்கச் சமவெளிக்குப் பலன் இருந்தாலும் மலைமேல் காபி, மிளகு போடுபவருக்கு இதில் ஒன்றுமில்லை. மூன்றுக்கு இரண்டு, மிச்சம் கூட்டல் 1. இரண்டு பகடையின் கூட்டுத்தொகையோடு இதைச் சேர்த்து 7 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆணை பலிக்கும். விழுந்தது 5, கூட்டினால் 6, ஆணை பலிக்கவில்லை. காரணங்கள் எல்லோர் கண்முன்னும் இருந்ததால் தகராறு எழவில்லை.

இரு தரப்பும் சமமானால் பலிக்க 58 விழுக்காடு வாய்ப்பு. கூட்டல் 1 என்றால் 72, கூட்டல் 2 என்றால் 83, கூட்டல் 3 என்றால் 92. மறுபுறம் கழித்தல் 1 வந்தாலே 42-க்கு இறங்கிவிடும். ஆகவே சமநிலைக்கு அருகில் ஒரு காரணத்தை ஏற்பதா தள்ளுவதா என்பது பெரிய முடிவு. நடுவரின் வேலை இங்கேதான் வருகிறது: ஒரே காரணத்தை வேறு சொற்களில் இருமுறை சொன்னால் ஒன்றாக எண்ணுவது, உண்மைக்குப் புறம்பானதைத் தள்ளுவது, தள்ளியதற்கு இரண்டு வரியில் காரணம் எழுதுவது. பகடையை அவர் தொடக் கூடாது. டெலிகிராமில் பகடைப் படத்தை அனுப்பினால் 1 முதல் 6 வரை ஓர் எண் தானாக வரும். அனுப்பியவர் அதைத் தேர்ந்தெடுக்க முடியாது. அழித்துவிட்டு மறுபடி போடும் வழி ஒன்று உண்டு என்பதால், முதலில் விழுந்த இரண்டு மட்டுமே கணக்கு.

மழை, வறட்சி, மேட்டூர் நீர்மட்டம் ஆகியவற்றையும் நடுவர் கையிலிருந்து எடுத்துவிட்டோம். ஜூன் 12-இல் அணை திறக்குமா என்பது ஓர் ஆட்சியின் பெயரையே மாற்றக்கூடிய விஷயம். அதை ஒருவர் நினைத்தபடி எழுதுவது நியாயமில்லை. ஆட்டப் பருவம் தொடங்கும் முன்பே இவற்றுக்கான சீட்டுகள் எழுதி, கலைத்து, உறையில் போட்டு ஒட்டப்படும்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்கள். நடுவர் தாம் தீர்ப்புச் சொல்லும் ஆட்டப் பருவத்தில் எந்தக் கட்சியிலும் ஆடக் கூடாது. திட்டுதல், போலி இணையக் கணக்கு முதலியவற்றை விசாரிப்பவர் வேறொருவராக இருக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் பார்த்தால், எச்சரிக்கை வாங்கியவர் அடுத்த தீர்ப்பையும் பழிவாங்கலாகவே பார்ப்பார். நடுவர் 48 மணி நேரம் பதில் தராவிட்டால் துணை நடுவர் தீர்ப்பளிப்பார். தேர்வுக் காலத்தில் ஆட்டம் முடங்கிப்போக இதுவரை முதல் காரணம் நடுவர் பதில் தராததுதான்.

துணை நடுவர் பொறுப்புக்கு விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிவதற்குள் பெயரைத் தலைவரிடம் எழுதிக் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
சேலம்