அந்த ஒத்தைச் சீட் வண்டி

தம்பி ராசா,

அம்மா சுகம். எனக்குக் கால் வீக்கம் வத்திட்டு. நீ அனுப்பின படத்தை மூண்டு நாளாப் பாத்துக்கொண்டிருக்கிறன், முதல்ல ஏதோ சின்ன வள்ளத்துக்கு மூண்டு சில்லு பூட்டின மாதிரிக் கிடந்திச்சு, அதுக்குள்ள நீ காலை முன்னுக்கு நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறாய், தலை மட்டும் வெளில. வெலோமொபைலாம். பக்கத்து வீட்டுப் பெடியன்தான் போன்ல தேடி விளக்கினவன். மோட்டர் 250 வாட், நீ மிதிச்சாத்தான் அதுவும் உதவுமாம், 25 கிலோமீற்றர் வேகம் வந்தா அது விட்டிடும், அதுக்கு மேல உன்ட கால்தானாம், ஆனா கூடு காத்தை வெட்டுறதால லேசா ஓடுமாம். காத்துக்கு எதிரா மிதிக்கிற பாடு எனக்குத் தெரியாதா, 2022ல பெற்றோல் இல்லாத நேரம் உன்ட பழைய லுமாலா சைக்கிள்லதானே உப்புவெளியில இருந்து டவுனுக்குப் போனனான், கச்சான் காத்து மூஞ்சையில நெருப்பு மாதிரி அடிக்க.

பெருமைதான். ஒல்லாந்தர் வந்து எங்கட கோட்டையைப் பிடிச்சவங்கள், இப்ப என்ட மகன் அவங்கட ஊர்ல இப்பிடி வேலைக்குப் போறான் எண்டு கோணேசர் கோயிலடியில நாலு பேருக்குப் படம் காட்டினன். ஆனா காரை வித்ததை எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்ல பார்.

வண்டியில பூட்டியிருக்கிற அந்தக் கொடியைக் கழட்டாத. வண்டி இடுப்பளவு உயரம்தான், லொறிக்காரன்ட கண்ணுக்கு நீ தெரியமாட்டாய். கின்னியா றோட்டில பெரியப்பாக்கு நடந்ததை நான் திருப்பிச் சொல்லத் தேவையில்ல. பகல்லயும் லைட்டைப் போடு. பெரிய வாகனத்தோட ஒட்டிக்கொண்டு நிக்காத. கொடியைக் கழட்டாத.

அதில சீட் ஒண்டுதானாம். பின்னால ஆளை ஏத்தலாமோ எண்டு பெடியனிட்டக் கேட்டன், ஏலாதாம், பை வைக்கத்தான் இடமாம். சரி, வேலைக்குத் தனியத்தானே போறாய். போன வருசப் படத்தில அதே சுவரோட ரெண்டு சைக்கிள் சாத்தி நிண்டது, ஒண்டில முன்னுக்குப் பிரம்புக்கூடை, கூடைக்குள்ள பச்சைக் குடை. இந்தப் படத்தில சுவர் வெறுமனே கிடக்கு. உள்ளுக்கு எடுத்து வச்சிருப்பா, மழை நாடுதானே.

நீ உள்ள இருக்கேக்க படம் எடுத்தது ஆரெண்டு அம்மா கேக்கச் சொல்லுறா. நான் கேக்கேல்ல.

தம்பி, அந்தப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமையில போனை வாங்கி "மாமா சாப்பிட்டீங்களா" எண்டு கேப்பா, அந்த ஒரு வசனத்தை எத்தினை நாள் பழகினாவோ, நான் ஓம் ஓம் எண்டுபோட்டு உடன அம்மாட்டக் குடுத்திடுவன். நாலு வருசம். நீ சாப்பிட்டியா பிள்ளை எண்டு ஒருக்காக்கூடத் திருப்பிக் கேக்கேல்ல. எனக்கு இங்கிலிஸ் வராது எண்டு அம்மாக்குச் சாட்டுச் சொன்னனான், அவ தமிழ்லதானே கேட்டவ. உங்கட கலியாணத்துக்கு வராததுக்கும் விசா கிடைக்கேல்ல எண்டுதானே சொன்னனான். நான் விசாவுக்குப் போடவேயில்ல ராசா. அம்மாக்கும் இது தெரியாது.

ஞாயிறு கோல் எடு. அவ பக்கத்தில இருந்தா போனை அவட்டக் குடு, நான் கதைக்கிறன். இல்லாட்டியும் எடு.

கொடி கவனம்.

அப்பா