எண்ணெய் மட்டும்தானா ஹனுக்கா?

ஆசிரியர் ஐயாவுக்கு ஸ்தோத்திரம்.

டிசம்பர் இதழ்ல யூதங்களோட ஹனுக்கா பண்டிகை பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். எருசலேம் ஆலயத்துல ஒரு நாளைக்கு இருந்த விளக்கு எண்ணெய் எட்டு நாள் எரிஞ்சுச்சு, அதனால நாமளும் அந்த விளக்க ஏத்துனா வீட்ல குறைவே வராதுன்னு முடிச்சிருந்தீங்க. அத படிச்சிட்டு எங்க சபை அக்கா ஒருத்தங்க ஆன்லைன்ல விளக்கே வாங்கிட்டாங்க, மொத நாளே ஒன்பதையும் பத்தவச்சு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வேற. மொத நாள் ஒண்ணுதான்க்கா, கூடவே மத்தத பத்தவைக்கிற ஷமாஷ்ங்கிற விளக்கு, அப்புறம் தினம் ஒண்ணு கூட்டணும்னேன். "எல்லாம் வெளிச்சம்தானே தம்பி"ன்னுட்டாங்க.

அந்த எண்ணெய் கதை, இந்த பண்டிகை வந்த வரலாற சொல்ற மக்கபேயர் புஸ்தகத்துல இல்லவே இல்ல ஐயா, ரொம்ப பின்னாடி வந்த தல்மூத்ங்கிற யூத போதகர்களோட தொகுப்புலதான் இருக்கு. நம்ம புராட்டஸ்டண்ட் பைபிள்ல மக்கபேயரே கிடையாதே, பக்கத்து வீட்டு ஆர்சி (ரோமன் கத்தோலிக்க) அண்ணன்கிட்ட கேட்டு வாங்கித்தான் படிச்சேன். யூதங்கள ஆண்ட கிரேக்க ராஜா அந்தியோகஸ் கி.மு. 167ல ஆலயத்த தீட்டுப்படுத்துறான், 164ல அவன எதிர்த்து போராடுன யூதா மக்கபேயும் அவர் ஆளுங்களும் உள்ள போய் பாக்குறாங்க, கதவெல்லாம் எரிஞ்சு கெடக்கு, முத்தத்துல காட்டுல மொளைக்கிற மாதிரி செடி மொளைச்சிருக்கு. சாம்பல தலைல போட்டுக்கிட்டு அழுவுறாங்க, அப்புறம்தான் சுத்தம் பண்ற வேலை. தீட்டான பலிபீடத்த என்ன பண்றதுன்னு அவங்களுக்கே தெரியல, இடிச்சு அந்த கல்லையெல்லாம் ஆலய மலையிலயே ஒரு எடத்துல வச்சிட்டாங்க, ஒரு தீர்க்கதரிசி வந்து சொல்றவரைக்கும் இருக்கட்டும்னு.

எனக்கு எண்ணெய விட இந்த கல்லுதான் பெருசா தெரியுது.

ஏன்னா இந்த பண்டிகை நம்ம பைபிள்ல பேரோட வர்ற ஒரே எடம் யோவான் 10:22, தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகைன்னு. மாரிகாலம், இயேசு சாலொமோன் மண்டபத்துல உலாவிட்டிருக்கார், அந்த ஆலய மலை மேலயேதான். சுத்தி நின்னு நீர் கிறிஸ்துவானா தெளிவா சொல்லும்ங்கிறாங்க. அவர் நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்ங்கிறார், உடனே அவர அடிக்க கல்லெடுத்துட்டாங்க. அந்தியோகஸ் தனக்கு வச்சுக்கிட்ட பேரு தியோஸ் எபிபானேஸ், வெளிப்பட்ட தேவன்னு அர்த்தம், காசுலயே அடிச்சுக்கிட்டான். அவன்கிட்ட இருந்து ஆலயத்த மீட்ட பண்டிகையில ஒருத்தர் இப்படி சொன்னா ஜனங்களுக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும்? அவங்க கோவம் எனக்கு புரியுது. ஆனா அவர் பதில்ல பிதா தன்னை பரிசுத்தமாக்கி அனுப்பினார்னு சொல்றாரு பாருங்க, பிரதிஷ்டை பண்டிகை அன்னைக்கு! இத்தன வருஷம் அந்த வசனத்த சும்மா தாண்டி போயிருக்கேன்.

நீங்களே தேவாலயம்னு பவுல் கொரிந்தியருக்கு எழுதுறார். அப்போ ஹனுக்கா நமக்கு செடி புடுங்குற வேலைதானே? என் முத்தத்துல என்ன மொளைச்சிருக்குன்னு எனக்கு தெரியும், இங்க எழுத முடியாது. ஷமாஷ்னா ஊழியக்காரன், அது கிறிஸ்துதான்னு நம்மாளுங்க பிரசங்கம் பண்றாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா யூதங்க அந்த அர்த்தத்துல வைக்கல, அவங்க பண்டிகைய அவங்களுக்கு விட்டுட்டு நாம கத்துக்கிறத கத்துக்கலாம்.

இன்னொண்ணு, கட்டுரைக்கு மேல போட்ட படத்துல ஏழு கிளைதான் இருக்கு. அது ஆலயத்து குத்துவிளக்கு ஐயா, ஹனுக்காவுக்கு ஒன்பது. அடுத்த இதழ்ல ஒரு திருத்தம் போட்டுடுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகன்