கணினி அறையின் பூட்டைக் கொஞ்சம் திறந்து விடுங்கள்

திருகோணமலைப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும் அபிவிருத்திக் குழுவினருக்கும்,

வணக்கம். நான் நகரத்தில் கணினி திருத்துகிறவன். சென்ற தவணையில் ஒரு பாடசாலைக்கு வேலையாகப் போயிருந்தேன். கணினிகள் எல்லாம் துணி போர்த்தியபடி இருந்தன. துணியை விலக்கினால், விசைப்பலகையில் ஓர் எழுத்தாவது தேயவில்லை. வாசலில் நின்ற ஒன்பதாம் வகுப்புப் பையன், "சேர், இதில கேம் செய்ய ஏலுமா?" என்று கேட்டான். நான் வாய் திறக்கும் முன் பக்கத்தில் நின்ற ஆசிரியர், "கேம் கதை வேண்டாம், படிக்கிற வேலையைப் பார்" என்று அனுப்பிவிட்டார். ஒன்றரைக்கு மணி அடித்தது, அறையைப் பூட்டினார்கள். அந்தப் பையனுக்குச் சொல்ல வேண்டிய பதிலை உங்களுக்கு எழுதுகிறேன்.

வீடியோ கேம் செய்யும் நிண்டெண்டோ என்ற நிறுவனத்தின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1889 இல் ஜப்பானின் கியோத்தோ நகரத்தில் அது தொடங்கியபோது விற்றது பூப்படம் போட்ட சீட்டுக்கட்டு. 1960களிலும் சீட்டு அச்சடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். சீட்டு அச்சடிக்கும் இயந்திரங்களைப் பராமரிக்க வேலைக்குச் சேர்ந்தவர் குன்பெய் யோகோய். வேலை இல்லாத நேரத்தில், தூரத்தில் உள்ள பொருளை எட்டிப் பிடிக்கும் நீட்டுக்கை ஒன்றை விளையாட்டாகச் செய்தார். நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி அதைக் கண்டுவிட்டார். அவர் ஏசவில்லை. விற்பனைக்கு ஏற்றபடி செய்து தரச் சொன்னார். 1966 இல் வெளிவந்த அந்தப் பொம்மை பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அன்று அந்தக் கையைப் பிடுங்கி எறிந்திருந்தால் யோகோய் கடைசிவரை இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்திருப்பார்.

விலை மலிந்த, எல்லோருக்கும் பழகிப்போன தொழில்நுட்பத்தை எடுத்து, யாரும் நினைக்காத வேலைக்குப் பயன்படுத்த வேண்டும் என்பது யோகோயின் கொள்கை. 1989 இல் வந்த கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி அப்படிப் பிறந்ததுதான். திரையில் நிறம் கிடையாது, மங்கிய பச்சை மட்டும். அதே ஆண்டு அட்டாரி நிறத்திரையோடு லிங்ஸ் என்ற கருவியை இறக்கியது. அது ஆறு பற்றரிகளைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தது. கேம் பாய்க்கு நான்கு போதும், பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். பின்னால் வந்த நிறத்திரை வகையையும் சேர்த்து 11 கோடிக்கு மேல் விற்றது.

1981 இல் நிண்டெண்டோ வெளியிட்ட டொங்கி கொங் என்ற விளையாட்டின் கதையும் இப்படித்தான். அமெரிக்காவில் விலைபோகாமல் தேங்கிக் கிடந்த ராடார் ஸ்கோப் என்ற பழைய விளையாட்டு இயந்திரங்களுக்குள் புது விளையாட்டைப் போட்டு விற்றார்கள். அதை வடிவமைத்த ஷிகெரு மியமோட்டோ, நிரல் எழுதப் படித்தவர் அல்லர், வடிவமைப்புப் படித்தவர். சிறுவயதில் ஊர்ப்பக்கம் கண்ட குகைக்குள் விளக்கோடு நுழைந்து பார்த்த ஞாபகம், 1986 இல் ஸெல்டா என்ற விளையாட்டாக வந்தது. நம் பிள்ளைகளுக்கு இராவணன் வெட்டு இருக்கிறது. கன்னியாவில் ஏழு கிணறும் ஏழு விதச் சூடு. இவையும் விளையாட்டாகலாம்.

தொண்ணூறுகளில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் ரிவி கேம் இருந்தது. கசெற் வேலை செய்யாவிட்டால் ஊதிப் போடுவோம். அது நிண்டெண்டோ 1983 இல் வெளியிட்ட ஃபமிகொமின் நகல் என்று வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஃபமிகொம் என்பதன் முழுப்பெயர் குடும்பக் கணினி. கணினி என்று தெரியாமலே விளையாடியிருக்கிறோம்!

பெற்றோரின் பயம் எனக்கும் விளங்குகிறது. எனக்கும் இரண்டு பிள்ளைகள், இரவில் போனை வாங்கி வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆனால் விளையாடுவது வேறு, செய்வது வேறு. அந்தப் பையன் பிறகு என் கடைக்கு வந்தான். பிள்ளைகள் கட்டளைக் கட்டைகளை அடுக்கிக் கேம் செய்யும் ஸ்க்ராட்ச் என்ற மென்பொருளில், நம் பஸ் நிலையத்தில் திரியும் மான் ஒன்றைச் செய்தான். மான் துள்ளியது, மேலேயே போனது, கீழே இறங்கவே இல்லை. அரை மணி நேரம் திரையை முறைத்துக்கொண்டு இருந்தவன், வேகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்க வேண்டும் என்று தானே கண்டுபிடித்தான். மறை எண் எதற்கென்று அவனுக்கு அன்றுதான் புரிந்ததாம்.

நான் கேட்பது வாரத்தில் ஒரு நாள், பாடசாலை விட்ட பிறகு இரண்டு மணி நேரம். கணினி பழசு என்று யோசிக்க வேண்டாம், ஸ்க்ராட்சின் பழைய பதிப்பு இலவசம், இவற்றில் நன்றாக ஓடுகிறது. ஓடாதவற்றை நான் வந்து திருத்தித் தருகிறேன், கூலி வேண்டாம். புதன்கிழமை பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு வர என்னால் முடியும். சாவியை யாரிடம் வாங்குவது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
திருமலையில் கணினி திருத்தும் ஒருவன்